பெரிய வெள்ளியில் இரும்பு

கொக்கிளாய்,
26 மே 2025

விசாரணை உத்தியோகத்தர் தயாளினி சுடலைமுத்து அவர்களுக்கு,

மூன்று முறை தொலைபேசி எடுத்தேன். மூன்று முறையும் வெட்டிவிட்டு, "எழுத்தில் அனுப்பவும்" என்று இரண்டே சொல்லில் செய்தி அனுப்பினீர்கள். ஆகவே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் என் எழுத்தைப் பார்த்து "கோழி கிளறின மாதிரி" என்று சிரித்தவர் நீங்கள்தான். இனி இருந்து வாசியுங்கள்.

எங்கள் மகளிர் கூட்டுறவுச் சங்கத்தின் ஐஸ் தொழிற்சாலைக்கு உங்கள் மின்சார ஆணைக்குழுவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கூரையில் இருக்கும் சோலர் தகடுகளை மின்கம்பியோடு இணைக்கத் தந்த அனுமதியை ஏன் நீக்கக்கூடாது என்று காரணம் சொல்ல வேண்டுமாம். கீழே கையொப்பத்தைப் பார்த்தேன். உங்களுடையது.

பகலில் எங்கள் வெயில் உங்கள் கம்பிக்குப் போகிறது. இரவில் உங்கள் கம்பியில் எங்கள் ஐஸ் மெஷின் ஓடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோவதால்தான் இந்தத் தொழிற்சாலை நான்கு வருடமாக நிற்கிறது. அனுமதி போனால் ஒரு மாதம்கூட நிற்காது. பிறகு பழையபடி லொறிக்காரரிடம்தான் ஐஸ் வாங்க வேண்டும். ஐஸைக் கையில் வைத்திருப்பவன்தான் இறாலுக்கு விலை சொல்வான் என்பது கொழும்பில் தெரியாவிட்டாலும் இங்கே குழந்தைக்கும் தெரியும்.

நாங்கள் செய்த குற்றம் இதுதான். சித்திரை விடுமுறையில் ஆலைகள் பூட்டியிருக்கும், மின்சாரம் எடுக்க ஆள் இருக்காது, ஆகவே 13 முதல் 21 வரை காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை சோலரை நிறுத்திவையுங்கள் என்று மின்விநியோக அலுவலகம் அறிவித்தது. ஐந்து நாள் ஒழுங்காக நிறுத்தினோம். ஆறாம் நாள், 18ஆம் திகதி, சுவிச் இறுகிவிட்டது. அவ்வளவுதான். ஒரு நாள் இறுகிய சுவிச்சுக்காக முப்பத்தாறு பெண்களின் கழுத்தை நெரிக்கலாமா?

இப்படிக்கு,
கலிஸ்ரா யோகநாதர்
செயலாளர்


கொழும்பு,
2 ஜூன் 2025

செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோப்பில் சேர்க்கப்பட்டது.

விசாரணையில் இருக்கும் ஒருவரோடு உத்தியோகத்தர் தொலைபேசியில் பேசக்கூடாது என்பது எங்கள் விதி. எழுதுவது எல்லாம் கோப்பில் இருக்க வேண்டும். முறைப்பாடு செய்தவர், மின்விநியோக அலுவலகம், நீங்கள், யார் கேட்டாலும் அந்தக் கோப்பை வாசிக்கலாம். இந்தக் கடிதத்துக்கும் அதே விதிதான்.

எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரம் வந்து குவிந்தால் கம்பியில் அழுத்தம் ஏறும். உங்கள் ஊர் கம்பியின் கடைசி நுனியில் இருக்கிறது. அன்று உங்கள் மெஷினும் ஓடவில்லை. பதினொன்றரை மணிக்கு அழுத்தம் ஏறியதில் ஏழு வீடுகளில் சாமான்கள் எரிந்திருக்கின்றன.

23ஆம் திகதி வந்து பார்த்த பொறியியலாளர், சுவிச் இறுகியதற்கான அடையாளம் எதுவும் இல்லை என்றும், ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்தபோது இலகுவாக இறங்கியது என்றும் எழுதியிருக்கிறார். இதற்கு உங்கள் விளக்கம் தேவை. பதினான்கு நாளுக்குள் அனுப்பவும்.

தயாளினி சுடலைமுத்து
விசாரணை உத்தியோகத்தர்


கொக்கிளாய்,
9 ஜூன் 2025

தயா,

"அவர்களுக்கு" எல்லாம் போதும். என் பொறுமை அந்தச் சொல்லோடு முடிந்தது.

சுவிச் இறுகியது. பிறகு இளகியது. இரும்புதானே, உப்புக்காற்றில் அப்படித்தான் நடக்கும். உன் பொறியியலாளர் வெள்ளைச் சப்பாத்தோடு வந்து அரை மணித்தியாலம் நின்றார், இளநீர் குடித்தார், போனார். அவருக்கு எங்கள் சுவிச்சின் குணம் தெரியுமா?

செட்டிகுளம் முகாமில் முள்ளுக்கம்பிக்கு மேலே எரிந்த பெரிய லைற் உனக்கு நினைவிருக்கிறதா? அந்த வெளிச்சத்தில் ஒரே புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொண்டு படித்தோம். நீ கணக்குச் சொல்லித் தந்தாய், நான் உனக்குச் சமயம் சொல்லித் தந்தேன், கிறிஸ்தவ வேதக்காரி சொல்லித்தந்து சைவசமயத்தில் நல்ல புள்ளி எடுத்தவள் என்று உன்னைப் பகிடி பண்ணினோம். அந்தத் தயாவுக்கு ஒரு கதிரை கிடைத்ததும் என் குரல் கேட்கக் கூடாததாகிவிட்டதா?

இந்தத் தொழிற்சாலையை எடுக்க நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். "பொம்பிளையள் போட்ட ஐஸ் துறைக்கு வர முதல் கரைஞ்சுபோம்" என்று கரையில் மீன் வாடி வைத்திருந்த ஆண்கள் சிரித்தார்கள். இப்போது அவர்களே விடியப்புறம் மூன்று மணிக்கு வரிசையில் பெட்டியோடு நிற்கிறார்கள். அவர்கள் மறுபடி சிரிப்பதற்கு வழி செய்பவள் நீயாக இருப்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எனக்கு நோகிறது. அதையும் கோப்பில் போடு.

கலிஸ்ரா


கொழும்பு,
17 ஜூன் 2025

கலிஸ்ரா,

போட்டுவிட்டேன். பக்க எண் 31.

கதிரையைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்த என் அப்பா அக்கராயனில் காடு வெட்டிக் காணியாக்கினார். பதினெட்டு வருடம் பக்கத்து வீடுவரை வந்த மின்கம்பி எங்கள் வேலியோடு நின்றது. காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, ஆகவே இணைப்பு இல்லை. அலுவலகத்தில் எவராவது "செய்து தாறம் சுடலைமுத்து, போங்கோ" என்று வாயால் சொல்வார்கள். அப்பா நம்பி வருவார். வாயால் சொன்ன எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒருநாள் ஒரு லிகிதர் அப்பாவின் கோரிக்கையை எழுத்தில் வாங்கிப் பதிந்தார். ஆறு மாதத்தில் லைற் எரிந்தது. அன்றிலிருந்து நான் எழுத்தை நம்புகிறவள். தெரிந்தவருக்குத் தொலைபேசியில் காரியம் நடக்கும் நாட்டில், தெரிந்தவர் இல்லாதவர்களுக்கு என் மேசை ஒன்றாவது இருக்கட்டும்.

நீ ஒரு தடவைகூட முறைப்பாடு செய்தவர் யார் என்று கேட்கவில்லை. கோப்பில் இருப்பதால் சொல்லலாம். உன் தொழிற்சாலையிலிருந்து நான்காவது வீடு, தங்கம்மா. தனியாக இருக்கிறார். அன்று அவருடைய பிரிட்ஜ் எரிந்தது. அதற்குள் ஒரு மாதத்துக்கான இன்சுலின் இருந்தது. அது கெட்டது தெரியாமல் நான்கு நாள் ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்தாம் நாள் மயங்கிய நிலையில் முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் முப்பத்தாறு பெண்களின் கழுத்தை நெரிக்கிறேன் என்று எழுதினாய். கம்பியின் மறுநுனியிலும் ஒரு கழுத்து இருக்கிறது.

சத்தமாக வாசிக்கக் கூசும் எதையும் இனி எனக்கு எழுதாதே. அல்லது கூசாமல் எழுது.

தயாளினி


கொக்கிளாய்,
28 ஜூன் 2025

தயா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள். முதல் மூன்று நாளும் உன்னைத் திட்டினேன். நாலாம் நாள் தங்கம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். வேலிப் படலையில் நின்று கூப்பிட்டேன். வெளியே வந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பதான் வழி தெரிஞ்சதோ பிள்ளை?" என்றார்.

"நீங்கள் ஆஸ்பத்திரியில இருந்தது எனக்குத் தெரியாது அக்கா."

"ஐஸ் வாங்க ஆர் வந்தவை, ஆர் வரேல்லை எண்டு எல்லாம் தெரியும் உங்களுக்கு. நாலு வீடு தள்ளிக் கிடக்கிறவள் மட்டும் தெரியாது."

அவர் சொன்னது சரிதான். இன்சுலின் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றிப் பானைக்குள் வைத்திருந்தார். அன்று பின்னேரமே ஐஸ் கரையாமல் வைக்கும் ஒரு ரெஜிபோம் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐஸில் நேரே பட்டால் மருந்து உறைந்துவிடும் என்று தாதி சொன்னதால் நடுவில் தடித்த துணி வைத்தோம். தினமும் காலையில் ஐஸ் மாற்றுகிறேன். இதை எழுதுவது என்னை நல்லவளாகக் காட்ட அல்ல. காட்டவும் முடியாது, ஏனென்றால் மிச்சத்தை இனித்தான் எழுதப்போகிறேன்.

சுவிச் இறுகவில்லை.

உனக்கு எங்கள் வழக்கம் தெரியும். பெரிய வெள்ளியில் எங்கள் ஊரில் எவரும் இரும்பில் கை வைப்பதில்லை. ஆண்டவரை ஆணியால் அறைந்த நாள். சுத்தியல், கத்தி, அரிவாள் எதுவும் தொடமாட்டோம், மரக்கறிகூட முதல்நாளே வெட்டி வைத்துவிடுவோம். எங்கள் மெயின் சுவிச் பழைய தொழிற்சாலை ஒன்றிலிருந்து கழற்றி வந்த இரும்புப் பெட்டி, இரும்புக் கைபிடி. பெரிய வியாழன் காலை பத்து மணிக்கு மெஷின் பார்க்கும் யோசெப் அண்ணை அதை இறக்கினார். மூன்று மணிக்கு வழக்கம்போல ஏற்றிவிட்டுப் பாதம் கழுவும் பூசைக்கு ஓடினார். ஏற்றாமலே விட்டிருந்தால் வெள்ளிக்கிழமை தொட வேண்டியே இருந்திருக்காது. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தப் புத்தியீனம் எங்கள் இருவருடையதும்.

வெள்ளி காலை கோயிலில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் பாடிக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவு வந்தது. எழுந்து தொழிற்சாலைக்கு வந்தேன். யோசெப் அண்ணை பின்னாலேயே வந்தார். பூட்டின் திறப்பு என் கையில் இருந்தது.

"வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு இரும்பில கை வைக்காத," என்றார்.

இந்த இடத்தில் எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிடலாம். போட மாட்டேன். எனக்கு அந்தப் பயம் கிடையாது தயா. ஆண்டவர் ஒரு கைபிடிக்காகக் கோபிப்பவர் அல்ல. எனக்கு இருந்தது வேறு பயம். நான் அன்று இரும்பைத் தொட்டு, அடுத்த கிழமை ஒரு வள்ளம் கவிழ்ந்தால், "அவள் பெரிய வெள்ளியில இரும்பில கை வைச்சவள்" என்று சொல்லியே தொழிற்சாலையை எங்களிடமிருந்து பறித்துவிடுவார்கள். ஊர் வாய்க்குப் பயந்து திரும்பிப் போனேன். ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். பதினொன்றரைக்குக் கோயில் ஒலிபெருக்கி புகைந்து நின்றபோது தெரிந்தது. ஊரார் அதை ஆண்டவரின் அடையாளம் என்றார்கள். அது என் அடையாளம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு சங்கத்தைக் காப்பாற்றப் பொய் எழுதினேன். இது கோப்பில் இருக்கும், யாரும் வாசிக்கலாம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கூசுகிறது. ஆனாலும் போடு.

கலிஸ்ரா


கொழும்பு,
4 ஜூலை 2025

கலிஸ்,

உன் கடிதம் பக்கம் 44 முதல் 47.

அதைச் சேர்த்த பிறகு கோப்பை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். நீ என் சிநேகிதி என்பதை முதல் நாளே நான் எழுதிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், நேர்மையாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். போதாது. உன்னிடம் உண்மையைக் கேட்டுக்கொண்டிருந்த நானும் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தேன். என்மீதும் ஒரு விசாரணை இருக்கும். அது எனக்கு உரியது, நீ கவலைப்படாதே.

இனி நிருஷன் என்பவர் பார்ப்பார். நல்லவர். என்னைவிடக் கண்டிப்பானவர். ஆகஸ்ட் 7ஆம் திகதி கிளிநொச்சியில் பகிரங்க விசாரணை. என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லக்கூடாது. சொல்லவும் மாட்டேன். வடிவாகப் பேசு. அழாதே.

தயா


கொக்கிளாய்,
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தயா,

அழவில்லை. குரல் மட்டும் இரண்டு இடத்தில் உடைந்தது.

முதல் பஸ்ஸில் ஆறு பேர் வெளிக்கிட்டோம். நானும் யோசெப் அண்ணையும் எங்கள் பெண்கள் நாலு பேரும். முல்லைத்தீவில் பஸ் மாறும்போது பார்த்தால் தங்கம்மா அக்கா பின் சீற்றில் இருக்கிறார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முறைப்பாடு செய்தவர் அல்லவா, அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

நிருஷன் என் கடிதத்தை முழுதாக, சத்தமாக வாசித்தார். மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்த வாடிக்காரர் இரண்டு பேர் வந்திருந்தார்கள். "ஊர் வாய்க்குப் பயந்து" என்ற இடம் வந்தபோது அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன்.

பிறகு என் முறை. பிழை என்னுடையது, எரிந்த சாமான்களுக்குச் சங்கம் பொறுப்பு என்றேன். ஆனால் அதோடு உட்காரவில்லை. நான்கு வருடமாக இரவில் ஐஸ் போடுகிறோம், ஏனென்றால் விடியப்போகும் வள்ளத்துக்கு அப்போதுதான் புது ஐஸ் கிடைக்கும். ஐஸ் வைக்கத் தடித்த சுவரோடு ஒரு அறை இருந்தால் பகலிலேயே போடலாம். வெயில் கம்பிக்குப் போகாது, எங்கள் அறைக்குள் ஐஸாகக் கிடக்கும். விடுமுறை நாளில் எடுக்க ஆள் இல்லை என்று எங்களை நிறுத்தச் சொல்கிறீர்கள், நாங்களே எடுக்கிறோம் என்றால் நிறுத்தத் தேவையில்லைதானே? அப்படிச் செய்யக்கூடிய ஆலைகளுக்கு விதியில் ஒரு வரி எழுதுங்கள் என்றேன். மின்விநியோக அலுவலகத்துப் பொறியியலாளர், அதே வெள்ளைச் சப்பாத்து, எழுந்து "அவா சொல்லுறது சரி, கணக்குப் பார்த்தால் சரிவரும்" என்றார். அவரைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

கடைசியாகத் தங்கம்மா அக்கா. நிருஷன் அவரிடம் அனுமதியை நீக்க வேண்டுமா என்று கேட்டார்.

"நீக்கினால் எனக்கு விடிய ஐஸ் கொண்டந்து தாறது ஆர் தம்பி?" என்றார். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சும்மா விடவும் வேண்டாம். இனியும் ஒருக்கா பிழை விட்டால் கேள்வி கேக்காமல் பூட்டுங்கோ. நானே வந்து சொல்லுவன்."

திரும்பி வரும்போது அதே பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து இருந்தார். ஒட்டுசுட்டான் தாண்டியதும், "வடிவாக் கதைச்சனி" என்றார்.

கலிஸ்


கொழும்பு,
20 ஒக்டோபர் 2025

அன்புள்ள கலிஸ்,

தீர்ப்பு உனக்கும் வந்திருக்கும். எல்லோருக்கும் போன பிரதியிலிருந்துதான் நானும் வாசித்தேன்.

அனுமதி நீங்கவில்லை. எரிந்த சாமான்களுக்குப் பதில் சங்கம் புதிது வாங்கிக் கொடுக்க வேண்டும், ஐஸ் அறை கட்ட வேண்டும். காலை பத்து மணிக்கு மெஷின் தானாக ஓடத் தொடங்க வேண்டும். அது ஓடாமல் வெயில் கம்பிக்குப் போனால் ஊருக்கே கேட்கும்படி ஒரு மணி அடிக்க வேண்டும், அடித்துப் பத்து நிமிடத்துக்குள் எவராவது சுவிச்சை இறக்க வேண்டும். ஒரு வருடத்துக்குக் கோப்பு திறந்திருக்கும். அதற்குள் ஒரு தடவை தவறினாலும் விசாரணை இல்லாமலே அனுமதி போய்விடும். தங்கம்மா அக்கா சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். விதியில் நீ கேட்ட வரியைச் சேர்ப்பது பற்றித் தனியாகக் கருத்துக் கேட்கப்போகிறார்கள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்து, முறைப்பாடுகளை வாங்கிப் பதியும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். இறக்கம்தான். அம்மா அழுதா. அப்பா மட்டும், "அப்ப நீதான் இப்ப எழுதி வாங்குறவளா?" என்று கேட்டு ஒருநாள் முழுக்கச் சிரித்தபடி திரிந்தாராம். இப்போது நாளுக்கு இருபது பேர் தொலைபேசி எடுக்கிறார்கள். சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொள்கிறேன்.

பெரிய வெள்ளி அடுத்த வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி. பார்த்துவிட்டேன். அது அந்த ஒரு வருடத்துக்குள்தான் வருகிறது.

தயா


கொக்கிளாய்,
4 ஏப்ரல் 2026

அன்புள்ள தயா,

நேற்று நடந்ததைச் சூடாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை புது ஐஸ் அறை, மணி எல்லாம் சரிபார்த்தோம். பத்து மணிக்கு மெஷின் தானாக ஓடும், எவரும் இரும்பைத் தொடத் தேவையில்லை. வாடிக்காரருக்கும் சந்தோசம், பங்குச் சுவாமிக்கும் சந்தோசம். நேற்றுக் காலை கோயிலில் இருந்தபோதே அது ஓடும் இரைச்சல் கேட்டது. நிம்மதியாகப் பாடத் தொடங்கினேன்.

பத்து இருபதுக்கு மணி அடித்தது.

உனக்குத் தெரியும், பெரிய வியாழன் இரவிலிருந்து எங்கள் கோயில் மணி அடிப்பதில்லை. உயிர்ப்புப் பூசைவரை மணிக்குப் பதில் மரத்தட்டியைத்தான் தட்டுவோம். மணியே கேட்கக்கூடாத நாளில், வியாகுலப் பிரசங்கத்தின் நடுவில், என் தொழிற்சாலை மணி ஊரெல்லாம் கேட்க அடிக்கிறது. பாட்டு நின்றது. கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மெஷின் எதற்கோ நின்றுவிட்டது என்று எனக்கு விளங்கியது. பத்து நிமிடம்.

எழுந்தேன். போன வருடமும் எழுந்தேன்தானே, எழுவது பெரிய காரியம் இல்லை. வெளியே வந்து தொழிற்சாலைக்கு நடந்தேன். பின்னால் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. தொழிற்சாலைக் கதவடியில் திறப்பை எடுத்தபோது யோசெப் அண்ணை, "நில் பிள்ளை," என்றார்.

"அண்ணை, இண்டைக்கு நான் கேக்கமாட்டன்."

"நில் எண்டுறன். அதை இஞ்ச தா."

என் கையிலிருந்து திறப்பை வாங்கினார். நான் பறிக்கப் போனேன். அவர் அதைப் பூட்டுக்குள் போட்டுத் திருப்பினார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, தன் வாழ்நாளில் ஒரு பெரிய வெள்ளியில்கூட ஊசி தொடாத மனிசன்.

"திறப்பும் இரும்புதானே பிள்ளை," என்றார். "பழி வந்தால் பாதி எனக்கு."

கதவு திறந்தது. நான் உள்ளே போய்க் கைபிடியைப் பிடித்து இறக்கினேன். மணி நின்றது. பத்து இருபத்தாறு. வாசலில் பாதி ஊர் நின்றது. தங்கம்மா அக்கா மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது.

"பிரிட்ஜ் ஓடுது! போய்ப் பாடுங்கோ!"

போய், விட்ட இடத்திலிருந்து பாடினோம்.

அடுத்த கிழமை கடலில் என்ன நடக்குமோ தெரியாது. நடந்தால் பேசுவார்கள். பேசட்டும், நானும் யோசெப் அண்ணையும் பதில் சொல்வோம். கோப்பு இன்னும் திறந்துதானே இருக்கிறது. நிருஷனிடம் கொடுத்து இந்தக் கடிதத்தையும் அதில் வைக்கச் சொல். பெயர்களைச் சரியாகப் பதியச் சொல். கதவைத் திறந்தவர் யோசெப். சுவிச்சை இறக்கியவள் கலிஸ்ரா.

உன்,
கலிஸ்